மேட்டு வீட்டுப் பச்சைப் புள்ளி

எங்கள் வீதிக்குச் சிறுவாணித் தண்ணீர் எந்த நாளில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எட்டாம் நாளும் வரும், பன்னிரண்டாம் நாளும் வரும். வந்தால் இரண்டு மணி நேரம் இருக்கும். வால்வு திறக்கிறவர் மொபெட்டில் வந்து மூடிவிட்டு, கேட்கிறவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுவார். இப்படி ஒரு நிச்சயமில்லாத சமாச்சாரத்தை நம்பி மருதமலைச் சாலைக்குப் பக்கத்தில் ஒரு வீதியில் பதினேழு வீடுகள் சமைத்துத் துவைத்துக் குளித்து வாழ்கின்றன என்பது எனக்கு இருபத்தாறு வருடங்களாக உறைக்கவே இல்லை. காலையில் எட்டு மணிக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவனுக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், அவ்வளவுதான்.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம், நான் தண்ணீரை வைத்தே சம்பளம் வாங்கியவன். பம்பு கம்பெனியில் டெஸ்ட் பெட்டில் இருந்தேன். புதுப் பம்பை மேடையில் ஏற்றி ஓடவிட்டு, எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று பார்த்து எழுத வேண்டும். அந்த உயரத்துக்கு எங்கள் பாஷையில் ஹெட் என்று பெயர். ஹெட் ஏற ஏறத் தண்ணீர் குறையும். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கம்பெனியில் ஆள் குறைத்தபோது, விருப்பமுள்ளவர்கள் போகலாம் என்றார்கள். எனக்கு விருப்பம் இருந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. கையெழுத்துப் போட்டேன், ஐம்பத்து நான்கு வயதில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்த ஒரு மாதத்திலேயே என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "ஏனுங்க, மிக்ஸி ஓடறத எதுக்குங்க பக்கத்துல நின்னு கேட்டுட்டிருக்கீங்க? எங்கியாச்சும் போயிட்டு வாங்களேன்" என்றாள். பேரிங் சத்தம் சரியில்லை என்று நான் சொன்னது அவள் காதில் விழவில்லை. கண்ணில் படுவதையெல்லாம் ஏன், எப்படி என்று நோண்டிக்கொண்டிருப்பது என் குணம். கம்பெனியில் அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள், வீட்டில் திட்டுகிறார்கள்.

அப்படி நோண்டியதில்தான் வீதித் தண்ணீரின் கதை எனக்குத் தெரியவந்தது. பல நாள் கழித்துத் திறக்கும்போது குழாயில் முதலில் காற்று வரும், பிறகு கலங்கல் வரும், அப்புறம்தான் நல்ல தண்ணீர். அந்தக் கலங்கலைத் தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டியில் விட்டுவிட்டால் பத்து நாளைக்கு வாயில் வைக்க முடியாது. அதனால் சம்ப் வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் அதன் வால்வை மூடித்தான் வைத்திருப்பார்கள். தண்ணீர் வந்த சேதி தெரிந்த பிறகு, வாசல் குழாயைத் திறந்து தெளிவு பார்த்துவிட்டு, சம்புக்குத் திருப்புவார்கள். ஆக, சேதி தெரிய வேண்டும். சேதி சொல்வது யார் என்றால், வீதியின் மேல் முனையில் குடியிருக்கும் மாவுக்கார அம்மணி.

எங்கள் வீதி ஒரு சரிவு. மேல் முனையில் ஓட்டு வீடு ஒன்று, அதில் வாடகைக்கு இருந்துகொண்டு அந்த அம்மணி இட்லி மாவு ஆட்டி விற்கிறாள். நாற்பது வயதிருக்கும். சம்ப் கிடையாது, வாசலில் ஒரு குழாய், நான்கு நீல டிரம், கொஞ்சம் குடம். குழாயை எப்போதும் திறந்தே வைத்திருப்பாள். கீழிருந்து தண்ணீர் ஏறத் தொடங்கினதும் அவள் குழாயில் காற்று உஸ் என்று கத்தும். அவள் டிரம்களை நிரப்பிக்கொண்டு, மாவுப் பாக்கெட்டுகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வீடாக இறங்கி வருவாள். "ஏனுங்க, தண்ணி வந்துருச்சுங்கோ" என்று சொல்லி மாவையும் கொடுத்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போவாள். நாங்கள் கீழிருந்து மூன்றாவது வீடு. எங்களிடம் சேதி வந்து சேர ஒரு மணி நேரம் ஆகிவிடும். ஒரு தடவை அவள் வந்து சொன்ன பத்தாவது நிமிடம் தண்ணீர் நின்றது. என் மனைவி அழாத குறை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்த அம்மணி தனக்கு ரொப்பிக்கொண்டு பிறகுதானே ஊருக்குச் சொல்கிறாள்? இது என்ன நியாயம்? ஒரு வீதியென்றால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டாமா? வாய்விட்டுக் கேட்க முடியாது. எங்கள் பக்கம் அப்படிக் கேட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு நின்றுவிடும். அதனால் நான் ஒரு செயலி செய்யத் தீர்மானித்தேன்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் சொன்னால் தானே எழுதிக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்று இருக்கிறது, தமிழில் சொன்னாலும் புரிந்துகொள்கிறது என்று பழைய கம்பெனி நண்பர் ஒருவர் காட்டிக்கொடுத்தார். மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு, 'தண்ணீர் வந்தால் எல்லோருக்கும் தெரிவிக்கும் செயலி வேண்டும்' என்று அடித்தேன். அருமையான யோசனை என்றது. நான்கு நிமிடத்தில் ஒரு செயலி வந்து நின்றது. ஒரு கண்ணாடி டம்ளர் படம், அதன் கீழே 'தண்ணீர் குடிக்கும் நேரம் வந்துவிட்டது! இன்று இன்னும் ஐந்து டம்ளர்' என்று எழுதியிருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தண்ணீர் எப்போதும் இருக்கும், குடிக்கத்தான் மறந்துபோகும் என்று அதற்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு நான் ஒழுங்காக விளக்கினேன். வால்வு, சம்ப், காற்று, கலங்கல், எட்டு நாள், பன்னிரண்டு நாள். அது ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டது. யார் முதலில் தெரிவிப்பார்? தவறாகத் தெரிவித்தால் திரும்பப் பெறலாமா? வயதானவர்கள் இருக்கிறார்களா, எழுத்து பெரிதாக வேண்டுமா? இப்படி ஒரு ஆளை என் சர்வீஸில் பார்த்ததில்லை. நான் எரிச்சலில் இரண்டு வார்த்தை கூடுதலாக விட்டால்கூட, நல்ல கவனிப்பு, திருத்திவிடுகிறேன் என்று பணிவாகச் சொல்லும். அந்தப் பணிவைப் பார்த்தால் இதுவும் கோபிசெட்டிபாளையம் பக்கத்து ஆளோ என்று தோன்றும். சில நாள் சிவப்பு எழுத்தில் ஏதேதோ பிழை என்று வரும். அதை அப்படியே எடுத்து அதனிடமே ஒட்டுவேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சரி செய்யும். சரி செய்ததில் வேறொன்று உடையும். எப்படி உடைந்தது என்று கேட்பேன், விளக்கும். எனக்கு அதில் பாதிதான் புரிந்தது, ஆனால் அந்தப் பாதியே சாப்பாட்டை மறக்கச் செய்தது.

ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. திறந்தால் பதினேழு வட்டப் புள்ளிகள், வீட்டுக்கு ஒன்று, வீதியில் இருக்கிற வரிசையிலேயே. யார் முதலில் தண்ணீரைப் பார்த்தாலும் நீலப் பொத்தானை அழுத்தலாம். உடனே எல்லாக் கைப்பேசியும் மணி அடிக்கும். அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் குழாயைப் பார்த்து, 'வந்தது' என்றால் பச்சை, 'வரவில்லை' என்றால் சிவப்பு அழுத்த வேண்டும். அவரவர் புள்ளி அந்த நிறத்துக்கு மாறும். இந்தச் சிவப்பு, பச்சை என் யோசனை. டெஸ்ட் பெட்டில் இருந்தவனுக்கு ரீடிங் எடுக்காமல் இருக்க முடியாது.

செயலியை ஸ்டோரில் வெளியிட வேண்டுமென்றால் முதலில் ஆட்களை வைத்துச் சில வாரம் சோதித்துக் காட்ட வேண்டுமாம். வீதியையே சோதனைக்குச் சேர்த்துக்கொண்டேன். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, காப்பி குடித்து, கைப்பேசியில் ஏற்றிக்கொடுத்தேன். மேட்டு வீட்டு அம்மணிக்கும் ஏற்றிக்கொடுத்தேன். "நல்லதுங்ண்ணா, இனி எனக்கும் நடக்கற வேல மிச்சமுங்க" என்று சிரித்தாள். எனக்குள் சின்னதாக ஒரு குறுகுறுப்பு, ஆனாலும் நியாயம் செய்துவிட்ட பெருமைதான் பெரிதாக இருந்தது.

முதல் தடவை காலை பத்தரைக்குத் தண்ணீர் வந்தது. பார்த்தவன் நான்தான். கீழ்ப்பக்கத்து வீடுகளுக்குத்தான் தண்ணீர் முதலில் வரும், நானோ வேறு வேலையில்லாமல் அரை மணிக்கொரு தரம் வாசல் குழாயைத் திருகிப் பார்ப்பவன். நீலத்தை அழுத்தினேன். வீதி முழுக்க மணி அடித்தது, வீட்டுக்குள்ளிருந்து கேட்கும்படியாகவே அடித்தது. புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. மேல் முனைப் புள்ளியும் பச்சை. எங்கள் சம்ப் அன்று வழிந்தது. மனைவி கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாள், கேட்காமலே. அடுத்த தடவையும் பதினேழும் பச்சை, அதற்கடுத்த தடவையும் பதினேழும் பச்சை. சிவப்புப் பொத்தானை ஒருவர்கூடத் தொடவில்லை. வீதி வாட்ஸ்அப் குரூப்பில் கும்பிடும் கைகள் குவிந்தன. பக்கத்து வீதிகளிலிருந்து ஆறேழு பேர் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். ஸ்டோரில் சோதனையும் தேறிவிட்டது. 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்தினால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற இடத்துக்கு வந்துவிட்டேன்.

அன்று காலைதான் இட்லியைப் பிட்டபோது என் மனைவி கேட்டாள். "ஏனுங்க, இட்லி கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்குதுங்களா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதுங்களா?"

அவளுக்கு மட்டும் தோன்றவில்லை. இட்லி தட்டையாக, லேசாக மஞ்சளடித்து, தொண்டையில் நின்றது. மாவு மேட்டு வீட்டு மாவுதான், வருடக்கணக்காக வாங்குவதுதான். அரிசி மாற்றினாளா? உளுந்து குறைத்தாளா? கிரைண்டர் கல் தேய்ந்துவிட்டதா? எனக்கு வேறு வேலை ஓடவில்லை. 'வெளியிடு' பொத்தானை அப்படியே விட்டுவிட்டு, இட்லி கெட்டுப்போக என்னென்ன காரணம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். எப்போதிலிருந்து என்று மனைவியிடம் கேட்டேன். யோசித்துப் பார்த்து, "நீங்க அந்த ஆப்பு போட்டதுக்கு அப்புறந்தானுங்க" என்றாள். அவள் அதைச் சும்மா நாள் கணக்குக்காகத்தான் சொன்னாள். நான் எழுதிக்கொண்டிருந்த தாளை ஓரமாக வைத்தேன்.

செயலியைத் திறந்து மூன்று நாள் பதிவையும் காட்டச் சொன்னேன். யார், எந்த நேரத்தில் அழுத்தினார்கள் என்று கருவி வரிசையாகக் கொடுத்தது. மற்ற வீடுகளில் எல்லாம் பச்சை வரும் நேரம் தாறுமாறாக இருந்தது. ஒரு நாள் ஐந்து நிமிடம், ஒரு நாள் முக்கால் மணி, குளித்துக்கொண்டிருந்திருப்பார்கள், கடைக்குப் போயிருப்பார்கள். மேட்டு வீடு மட்டும் மணி அடித்த பதினோராவது விநாடி. அடுத்த தடவையும் பதினொன்று. மூன்றாவது தடவை பன்னிரண்டு.

டெஸ்ட் பெட்டில் நாங்கள் ஒரு விஷயத்தை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வோம். பம்பு ஓடும்போது அழுத்தம் காட்டும் கேஜ் முள் கொஞ்சமாவது ஆட வேண்டும். ஆடாமல் ஒரே இடத்தில் நின்றால் பம்பு பிரமாதம் என்று அர்த்தமில்லை, முள் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். பதினோரு விநாடியில் ஒரு மனுஷி கைப்பேசியை எடுத்து, வாசலுக்குப் போய், குழாயைப் பார்த்து, திரும்பி வந்து அழுத்த முடியாது. அவள் குழாயைப் பார்க்கவே இல்லை.

மாவு வாங்கத் தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். ஏறும்போது மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கியபோதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்த அம்மணி அப்போதுதான் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். காலடியில் ஒரு குடம், பின்னால் கட்டிய ஒரு குடம். வீதி முக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் போர்வெல் குழாயிலிருந்து பிடித்து வந்த உப்புத் தண்ணீர். வாசலில் நான்கு நீல டிரம்களும் இருந்தன. நான் கேட்காமல் ஒன்றின் மூடியைத் தூக்கினேன். மேலே வெள்ளையாக ஆடை படிந்திருந்தது. விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். இட்லிக்கான விடை அதிலேயே இருந்தது.

"என்னம்மணி இது? சிறுவாணித் தண்ணி எங்க?"

"இருக்குதுங்ண்ணா. சித்தெ கம்மியா வந்துச்சுங்க, அவ்வளவுதானுங்க."

"எத்தன கொடம் வந்துச்சு?"

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். இன்னொரு குடத்தையும் இறக்கி வைத்தாள். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். "வரலீங்ண்ணா" என்றாள்.

"மூணு தடவையுமா?"

"ஆமாங்."

"அப்புறம் எதுக்குப் பச்சைய அமுக்குனே? வரலைன்னு அமுக்கறதுக்குத்தான அந்தச் செவப்பு பட்டனையே வெச்சிருக்கேன்?" என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

"நீங்க அத்தன பாடுபட்டு செஞ்சிருக்கீங்க. ஊடு ஊடா வந்து உக்காந்து சொல்லிக்குடுத்தீங்க. வந்த அன்னிக்கே நான் செவப்ப அமுக்குனா உங்களுக்குச் சங்கடமா இருக்காதுங்களா? அதுதானுங்க, மணி அடிச்சதும் அமுக்கிப்போட்டேன்."

எனக்குக் கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. மெஸ் ஒன்று தினமும் அவளிடம் மொத்தமாக மாவு எடுத்துக்கொண்டிருந்தது, அதுதான் அவளுடைய பெரிய வாடிக்கை. இட்லி சரியில்லை என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு முந்தின நாளோடு நிறுத்திவிட்டார்களாம். அதையும் நான் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் மாவுத் தொழிலை விட்டுவிட்டு ஏதாவது மில்லுக்குப் போக வேண்டியதுதான் என்றாள், யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல.

"முன்னெல்லாம் நீதான அம்மணி மொதல்ல ரொப்புவே? அப்ப மட்டும் சங்கடமா இல்லியா?" இதைக் கேட்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் நெஞ்சில் வைத்திருந்த குற்றச்சாட்டு அது.

"அப்ப யாருக்கும் தெரியாதுங்களே. யாரும் காத்துக்கிட்டு இருக்கல. நான் பாட்டுக்கு ரொப்பிட்டு வந்து சொல்லுவேன். இப்ப பதினாறு ஊட்டுக்காரங்களும் பாத்துட்டு இருக்காங்க. அவங்க எல்லாம் பச்சைங்கறப்ப, எனக்கு மட்டும் வரல, கொழாய மூடுங்கன்னு எப்படிங்க சொல்றது?"

நான் அவள் வாசலில் நின்று கீழே பார்த்தேன். வீதி முழுக்க என் காலடியில் சரிந்து கிடந்தது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த என் சட்டையைக் குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. எட்டு மீட்டர் ஹெட்டாவது இருக்கும். அதற்குக் கீழே பதினாறு சம்ப், பதினாறு பெரிய வாய். முன்பு அந்த வாய்கள் ஒவ்வொன்றாகத்தான் திறந்தன. அவள் நடந்து வருகிற வேகத்துக்கு, மேலிருந்து கீழாக. அவள் டிரம் நிரம்பிய பிறகுதான் முதல் வாய் திறக்கும். நான் மணி அடித்து எல்லாவற்றையும் ஒரே நொடியில் திறந்துவிட்டேன். குழாயில் அழுத்தம் விழுந்தது. சம்ப் எல்லாம் நிரம்பித் தண்ணீர் மேலே ஏறத் தொடங்கும் நேரத்துக்கு வால்வு திறக்கிறவர் மொபெட்டில் வந்து மூடிவிட்டுப் போனார். ஹெட் ஏற ஏறத் தண்ணீர் குறையும். இருபத்தாறு வருடம் இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

மாவு வாங்காமலே இறங்கி வந்துவிட்டேன். மடிக்கணினியைத் திறந்து கருவியோடு முதல் நாள் பேசியதிலிருந்து படித்தேன். டம்ளர் படம், என் விளக்கம், அதன் கேள்விகள். நடுவில் ஒரு வரி இருந்தது. 'அறிவிப்பை அனைவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பவா, வீடுகளின் வரிசைப்படி இடைவெளி விட்டு அனுப்பவா?' அதற்குக் கீழே என் பதில். 'ஒரே நேரத்தில். இதில் என்ன கேள்வி?' நல்லது, அப்படியே செய்கிறேன் என்று அது செய்துவிட்டது. அதன்மேல் கோபித்துக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. வீதி சரிவு என்று நான் அதனிடம் ஒரு இடத்திலும் சொல்லவே இல்லை.

மாற்றுவது இரண்டு மணி நேர வேலைதான். யார் நீலத்தை அழுத்தினாலும் மேட்டு வீட்டுக்கு மட்டும் முதலில் மணி அடிக்கும். அவள் டிரம்களை நிரப்பிக்கொண்டு பச்சை அழுத்திய பிறகு அடுத்த வீட்டுக்கு, பிறகு அதற்கடுத்ததற்கு, மேலிருந்து கீழே. எந்த வீட்டிலிருந்து சிவப்பு வந்தாலும் அது எல்லோருடைய கைப்பேசியிலும் பெரிதாகத் தெரியும், தெரிந்தால் எல்லோரும் சம்பை மூட வேண்டும். செயலியில் மாற்றியது போதாது. குரூப்பில் எழுதிப் போட்டால் எங்கள் பக்கம் அது சொன்ன கணக்கில் சேராது, நேரில் போக வேண்டும். பதினைந்து வீட்டுக்கும் போனேன். நான் செய்த தப்பைச் சொன்னேன், மாவு கெட்ட கதையைச் சொன்னேன். எல்லோரும், "அட, அதுக்கென்னங்க" என்றார்கள். ஒருவர் முகம்கூடக் கோணவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பச்சைப் புள்ளிகளைப் பார்த்து ஏமாந்த பிறகு, சிரித்த முகங்களை எப்படி நம்புவது?

கடைசியாக மேட்டு வீட்டுக்குப் போனேன்.

"இங்க பாரம்மணி. எல்லாருக்கும் சொல்லிப்போட்டேன். இனி மொதல்ல உனக்குத்தான் மணி அடிக்கும். தண்ணி வந்து டிரம் ரொம்புனாத்தான் பச்சை. வரலைன்னா செவப்ப அமுக்கோணும்."

"பாக்கலாமுங்ண்ணா" என்றாள்.

எங்கள் பக்கம் 'பாக்கலாமுங்க' என்று சொன்னால் மாட்டேன் என்று பொருள். நான் அங்கேயே திட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்க. இத வெளிய உடறதுக்கு ஒரே ஒரு பட்டன்தான் பாக்கி. பக்கத்து வீதிக்காரங்க கேட்டுட்டாங்க. நாளைக்குக் கொடுமுடில ஒருத்தரு எடுப்பாரு, உக்கடத்துல ஒருத்தரு எடுப்பாரு. ஒவ்வொரு வீதிக்கும் ஒரு மேட்டு ஊடு இருக்கும். அங்க யாரு குடியிருக்காங்கன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ என் மனசு நோகக் கூடாதுன்னு பச்சைய அமுக்குனா, நான் நல்லா இருக்குதுன்னு நெனச்சு அதையே அவங்களுக்கும் குடுத்துருவேன்."

அவள் கிரைண்டரில் உளுந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கொடுத்த காப்பியிலும் உப்புத் தண்ணீரின் ருசி இருந்தது. முழுக்கக் குடித்தேன்.

ஒன்பதாம் நாள், காலை பதினொரு மணி. வாசல் குழாயைத் திருகினேன், காற்று சீறியது, கலங்கல் வந்தது. நீலத்தை அழுத்தினேன். வீதியில் மணிச் சத்தமே இல்லை. மேலே ஒரு கைப்பேசி மட்டும் அடித்திருக்கும். மாற்றியது வேலை செய்கிறது என்று எனக்கு ஒரே பரபரப்பு. திரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பதினோரு விநாடி போனது. புள்ளி நிறம் மாறவில்லை. ஒரு நிமிடம், மூன்று நிமிடம். குழாயைப் பார்க்கிறாள், நிஜமாகவே போய்ப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பத்து நிமிடம் ஆயிற்று.

மேல் முனைப் புள்ளி சிவப்பாகியது.

அந்த நிமிடத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? இத்தனை நாளில் அந்தச் செயலியில் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான ரீடிங் அது. "செவப்பு! மேட்டு ஊட்டு அம்மணி செவப்ப அமுக்கிருச்சு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

மனைவி ஈரக்கையோடு வெளியே வந்தாள். என்னையும் கைப்பேசியையும் பார்த்தாள். அப்புறம் என் காலுக்குப் பக்கத்தில் பார்த்தாள். "அதுக்கு எதுக்குங்க இந்தச் சிரிப்பு? மொதல்ல நம்ம சம்ப மூடுங்க" என்றாள்.

குனிந்து பார்த்தேன். எங்கள் சம்ப் வால்வு முழுக்கத் திறந்திருந்தது, தண்ணீர் சளசளவென்று உள்ளே விழுந்துகொண்டிருந்தது. நீலத்தை அழுத்திய கையோடு நானேதான் திறந்திருக்கிறேன். அறிவிப்பை நிறுத்தி வைத்தது மற்றவர்களுக்கு. எனக்கு எதற்கு அறிவிப்பு, நான்தான் முதலில் பார்த்தவனாயிற்றே. நான் திறந்ததைப் பார்த்து எதிர் வீட்டுக்காரர் திறந்திருந்தார். அவரைப் பார்த்து அவருக்குப் பக்கத்து வீடு.

வால்வை மூடினேன். எதிர் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவரே கைப்பேசியைப் பார்த்துவிட்டுக் குனிந்து மூடிக்கொண்டிருந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டிலும் வால்வு திருகும் சத்தம் கேட்டது. பிறகு வீதியில் தண்ணீர் விழும் சத்தமே இல்லை. அவரவர் வாசலில் நின்று, செடியைப் பார்ப்பதுபோலவும் வண்டியைத் துடைப்பதுபோலவும், எல்லோரும் மேல் முனைப் பக்கமே கவனமாக இருந்தோம்.

நாற்பத்து மூன்று நிமிடம் கழித்து அந்தப் புள்ளி பச்சையானது. அடுத்த வீட்டில் மணி அடித்தது, பிறகு அதற்கடுத்த வீட்டில். எங்கள் முறை வந்து சம்பைத் திறந்தபோது தண்ணீர் மெலிந்துவிட்டது, கொஞ்ச நேரத்தில் வால்வு திறக்கிறவரின் மொபெட் சத்தமும் கேட்டது. அன்று எங்கள் சம்ப் பாதிதான் நிரம்பியது. மனைவி அதை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் காலையில் அம்மணி மாவுக் கூடையோடு இறங்கி வந்தாள். பாக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "ஏனுங்ண்ணா, நேத்து நீங்களா தொறந்தீங்க?" என்று கேட்டாள்.

"ஆமாம்மணி" என்றேன்.